அளந்து செய்த தட்டு: அலமாரியின் வரலாறு

மக்கள் நாள்தோறும் கையாளும் பொருள்களுள் சில, அவற்றின் எளிமை காரணமாகவே ஆராய்வோர் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. அரசர் முடியைப் பற்றியும் வாளைப் பற்றியும் எழுதப்பட்ட நூல்கள் பல. அம்முடியையும் வாளையும் கழற்றி வைத்த தட்டைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும், வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதற்குக் காரணமாக நின்றது அந்தத் தட்டுத்தான்.

இன்று நம் வீடுகளில் கார்க் கொட்டகையைச் சற்று எட்டிப் பாருங்கள். 'போர்ச்' என்று நாம் சொல்லிப் பழகிய அந்த இடத்தில் கார் நிற்பது பாதி. மூட்டை முடிச்சுகள் நிற்பது பாதி. சாயத்தகரம், மண்வெட்டி, பழைய சைக்கிள், திருமணப் பாத்திரம், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், தந்தையார் விட்டுச்சென்ற கடிதக் கட்டு எல்லாம் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒருநாள் வீட்டுக்காரர் மனம் சலித்துத் தச்சரை அழைக்கிறார். தச்சர், "எத்தனை அடிக்கு வேண்டும்?" என்று கேட்கிறார். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து அளவு சொல்கிறார். சுவரின் அளவுக்குத் தட்டு அமைகிறது. ஓராண்டுக்குள் அத்தட்டு நடுவில் தொய்கிறது. பாதிப் பொருள் அதில் அடங்காமல் மீண்டும் தரைக்கு வருகிறது.

பார்க்க வேண்டியது சுவரையன்று, பொருளை என்பதே தட்டின் நெடிய வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

சொல் வந்த வழி

முதலில் சொல்லை ஆராய்வோம். 'அலமாரி' தமிழ்ச்சொல் அன்று. அது போர்த்துக்கீசியரின் 'அர்மாரியோ' என்ற சொல்லிலிருந்து நமக்கு வந்தது. மேசை, சாவி, ஜன்னல் ஆகியவையும் அக்கப்பல்களிலேயே வந்து இறங்கியவை. மலாய் மொழியில் வழங்கும் 'அல்மாரி' என்ற சொல்லின் மூலமும் இதுவே. போர்த்துக்கீசியச் சொல்லுக்கு மூலம் இலத்தீன் மொழியின் 'அர்மாரியும்'. அதன் வேர் 'அர்மா'. கருவி, படைக்கலம் என்பன அதன் பொருள். ஆகவே அலமாரி என்பது தொடக்கத்தில் கருவிகளை வைக்கும் இடமே. நூல்களும் துணிகளும் பிறகு வந்து சேர்ந்தன. சுத்தியும் திருப்புளியும் வைக்கக் கொட்டகையில் தட்டு அமைக்கும் ஒருவர், தம்மை அறியாமலேயே அச்சொல்லின் முதற்பொருளுக்குத் திரும்புகிறார்.

அப்படியானால் தமிழரிடம் பொருள் வைக்கும் இடம் இல்லையா என்று கேட்கலாம். நிரம்ப இருந்தது. நெல்லுக்குக் குதிர், பாலுக்கும் தயிருக்கும் உறி, விளக்குக்கு மாடம், அணிகலனுக்குப் பேழை, பானைக்கு அடுக்கு, பருவத்திற்கு ஒருமுறை எடுக்கும் பொருளுக்குப் பரண் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஒரு பெயரும் இருந்தன. இவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். உறி பூனைக்கும் எறும்புக்கும் எட்டாத உயரத்தில் தொங்கியது. குதிர் ஈரம் படாமல் தரையை விட்டு உயர்ந்து நின்றது. மாடம் காற்று வந்து சுடரை அணைக்காத ஆழம் கொண்டிருந்தது. பொருளின் இயல்பும் அதன் பகையும் அறிந்த பின்னரே இடம் செய்யப்பட்டது.

கல்லும் களிமண்ணும்

உலகில் இன்றும் கண்ணாற் காணக்கூடிய மிகப் பழைய தட்டுகளுள் சில ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் உள்ளன. அவ்விடத்தின் பெயர் ஸ்காரா பிரே. 1850-ஆம் ஆண்டில் வீசிய பெரும்புயல் மணல்மேட்டைப் பெயர்த்தபோது, அதனடியில் ஒரு சிற்றூர் வெளிப்பட்டது. அது ஏறத்தாழ 5,000 ஆண்டுகட்கு முற்பட்டது. அத்தீவுகளில் நல்ல மரம் அரிது. தட்டையாகப் பிளக்கும் கல்லோ மிகுதி. ஆகவே கட்டிலையும் கல்லாற் செய்தனர். தட்டையும் கல்லாற் செய்தனர். குத்துக்கல் நிறுத்தி அதன்மேல் பலகைக்கல் பரப்பி அமைத்த அடுக்கு, வீட்டின் வாயிலுக்கு நேர் எதிரே நிற்கிறது. உள்ளே நுழைபவர் கண்ணில் முதலில் படுவது அதுவே. மரம் இருந்திருப்பின் அத்தட்டுகள் மக்கி மறைந்திருக்கும். மரம் இல்லாத குறையே அவற்றை நாம் காணும் பேறாயிற்று.

அடுத்துச் சிரியா நாட்டிற்குச் செல்வோம். அலெப்போ நகருக்குத் தெற்கே எப்லா என்னும் பண்டை நகரின் மேடு உள்ளது. இத்தாலிய ஆராய்ச்சியாளர் பவுலோ மத்தியேயின் குழுவினர் 1975-ஆம் ஆண்டில் அங்கே அரண்மனை ஆவண அறையொன்றைக் கண்டனர். கி.மு. 2300-ஐ ஒட்டி அவ்வரண்மனை தீக்கிரையாயிற்று. ஆவணங்கள் களிமண் பலகைகளில் எழுதப்பட்டவை. தீயில் மரத்தட்டுகள் எரிந்தன. களிமண் பலகைகளோ சூளையில் வெந்த செங்கல்லைப் போல் இறுகின. ஏறத்தாழ 1,800 முழுப் பலகைகளும் ஆயிரக்கணக்கான துண்டுகளும் கிடைத்தன.

அங்கே வியப்புக்குரிய செய்தி வேறு. தட்டுகள் எரிந்து சரிந்தபோது பலகைகள் தாம் இருந்த வரிசை பெரிதும் கலையாமல் விழுந்தன. அவை விழுந்த முறையைக் கொண்டே, எந்தத் தட்டில் எவ்வகை ஆவணம் இருந்தது என்பதை ஆராய்ச்சியாளர் மீட்டு உரைத்தனர். 4,000 ஆண்டுகட்கு மேற்பட்ட பின்னரும் அந்த ஒழுங்கு தெரிந்தது. மரம் சாம்பலாயிற்று, வகைப்படுத்திய அறிவு சாம்பலாகவில்லை. தட்டின் உயிர் பலகையில் இல்லை, வகைப்பாட்டில் இருக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இத்தாலியில் கி.பி. 79-ஆம் ஆண்டில் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியம் நகரிலும் இத்தகைய அறையொன்று உண்டு. 1752-ஆம் ஆண்டில் அங்கு ஒரு மாளிகையின் சிறிய அறையில் கருகிய பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. சுவரைச் சுற்றித் தட்டுகளும், நடுவே இருபுறமும் எடுக்கத்தக்க ஓர் அடுக்கும் இருந்தன. இடம் குறுகியதாயினும் நடுவில் நிற்பவர் எல்லாவற்றையும் கைநீட்டி எடுக்கலாம். இன்று ஒரு சிறு கொட்டகையில் தட்டு அமைப்பவரும் இதனினும் மேலான ஒரு முறையைக் கண்டறிந்துவிட முடியாது.

படுத்த ஏடும் நின்ற புத்தகமும்

ஏட்டுச்சுவடி நீண்டு குறுகியது. அதைத் துளையிட்டுக் கயிற்றிற் கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவர். அது நிற்கும் பொருளன்று, படுக்கும் பொருள். ஆகவே தமிழ்நாட்டுப் புலவர் வீடுகளில் சுவடிகள் படுத்தே கிடந்தன. சமையற்கட்டின் பரணில் அவற்றை வைக்கும் வழக்கமும் இருந்தது. அடுப்புப் புகை பூச்சியை அண்டவிடாது என்பது அதன் காரணம். இதுவும் பொருளின் பகையை அறிந்து செய்த ஏற்பாடே.

ஆயினும் பரணுக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஏறி ஏடு எடுப்பவர் இருக்கும் வரையில் அது நூலகம். அவர் மறைந்தால் அது குப்பைமேடு. டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்கள் (1855–1942) ஊர்ஊராகச் சென்று சுவடி தேடிய வரலாற்றை ஆசிரியர்கள் நன்கு அறிவர். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாகக் கேட்டு அவர் மனம் நொந்ததைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அங்கே இருந்தவர்கள் தமிழுக்குப் பகைவர் அல்லர். தம்மிடம் இருப்பது இன்னது என்று அறியாதவர்கள். இடம் இருந்தது, பட்டியல் இல்லை. அதனால் நேர்ந்த இழப்பு அது.

மேனாட்டிலும் புத்தகங்கள் நெடுங்காலம் படுத்தே கிடந்தன. இங்கிலாந்தின் வடபகுதியில் கி.பி. 716-க்கு முன் எழுதப்பெற்று, இப்போது இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் உள்ள விவிலியப் பெருஞ்சுவடியில் ஓர் ஓவியம் உண்டு. எஸ்ரா என்னும் எழுத்தர் அமர்ந்து எழுதுகிறார். அவருக்குப் பின்னால் கதவு திறந்த அலமாரி. அதில் 9 நூல்கள் படுக்கை நிலையில் இருக்கின்றன. பின்னர் நூல்கள் பெருகின. படுத்தவை எழுந்து நின்றன. நின்றபோதும் முதுகு வெளியே தெரியவில்லை. ஹெரிபோர்டு பேராலயத்தில் 1611-ஆம் ஆண்டில் அமைந்த அலமாரிகளில் ஒவ்வொரு நூலும் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிறது. சங்கிலி அட்டையின் முன்விளிம்பில் பொருந்தியதால், முதுகு உட்புறமும் தாள்விளிம்பு வெளிப்புறமுமாக நூல்கள் நிற்கின்றன. திருட்டு என்னும் பகைக்கு ஏற்பத் தட்டின் அமைப்பு மாறியது.

கடற்படைச் செயலரும் தச்சரும்

ஒருவர் தம் வீட்டுக்கென்றே, தம் பொருளுக்கென்றே அளந்து அலமாரி செய்வித்த வரலாறுகளுள் மிகத் தெளிவாகத் தேதியோடு கிடைப்பது இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது. சாமுவேல் பீப்ஸ் (1633–1703) ஆங்கிலக் கடற்படை வாரியத்தின் செயலர். 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்றவர். 1666-ஆம் ஆண்டு சூலையில் தம் நூல்கள் பெருகி நாற்காலிகளின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதைக் கண்டு அவர் வருந்தினார். நாற்காலியில் மனிதர் அமர வழியில்லை. நம் கொட்டகையில் கார் நிறுத்த வழியில்லாதது போன்ற நிலைதான் அது!

அவர் அழைத்த தச்சர் சிம்ப்சன் என்பவர். இவர் கப்பல் கட்டும் துறையில் பணிபுரிந்த கைவல்லார். கப்பலறையில் வீணான இடம் என ஒன்றில்லை. ஒவ்வோர் அங்குலமும் கணக்கு. அலை மோதினாலும் பொருள் சரியக்கூடாது. அத்தகைய பயிற்சியுடைய தச்சரும் நூல்களின் உரிமையாளரும் ஒருங்கே அமர்ந்து, எப்படிச் செய்வதென்று அரும்பாடுபட்டுத் திட்டமிட்டனர் என நாட்குறிப்பு கூறுகிறது. ஈண்டு நாம் குறித்துக்கொள்ள வேண்டியது இதுவே: ஒருவர் அளவு சொல்ல மற்றவர் செய்யவில்லை. பொருளை அறிந்தவரும் மரத்தை அறிந்தவரும் கூடிச் சிந்தித்தனர்.

அன்று தொடங்கிய அந்த ஓக் மர அலமாரி வரிசை பிற்காலத்தில் 12 ஆக வளர்ந்தது. கண்ணாடிக் கதவுகள் பொருந்திய அவற்றில் 3,000 நூல்கள் உள்ளன. பீப்ஸ் அவற்றைப் பொருள்வாரியாக அடுக்கவில்லை, உயரவாரியாக அடுக்கினார். மிகச் சிறிய நூல் எண் 1. மிகப் பெரியது எண் 3,000. ஒரே தட்டில் குட்டையான நூல் வந்தால் அதற்கு மரக்கட்டையாற் சிறு பீடம் செய்து உயர்த்தினார். அளவின்படி அடுக்கினால் தட்டுகளுக்கிடையே வெற்றிடம் குறையும். ஆனால் வேண்டிய நூலைக் கண்டுபிடிப்பது அரிதாகுமே! அதற்கு அவர் கண்ட வழி பட்டியல். ஒவ்வொரு நூலுக்கும் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் பட்டியலில் இடம். அவர் விருப்பப்படி நூலொன்றைச் சேர்க்காமலும் நீக்காமலும் அந்நூலகம் முழுவதும் 1724-இல் கேம்பிரிட்ஜில் உள்ள மாட்லன் கல்லூரியைச் சேர்ந்தது. இன்றும் அங்கே இருக்கிறது. 1666 செப்டம்பரில் இலண்டன் மாநகரை எரித்த பெருந்தீ முதலிய இடர்களையெல்லாம் கடந்து அந்நூல்கள் வாழ்கின்றன.

பலகை வளையும் கணக்கு

தட்டுத் தொய்வது ஏன்? இதைக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவருக்கு விளக்கிக் காட்டலாம். கலிலியோ 1638-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூல் வெனிஸ் நகரத்துக் கப்பல் கட்டும் துறையைப் பாராட்டும் பேச்சோடு தொடங்குகிறது. அந்நூலில், அகலமான அளவுகோலைப் படுக்க வைத்தால் எளிதில் ஒடியும், விளிம்பில் நிறுத்தினால் மிகுந்த பாரம் தாங்கும் என்பதற்கு அவர் கணக்குக் காட்டினார். 18-ஆம் நூற்றாண்டில் பெர்னூலியும் ஆய்லரும் வளைவின் கணக்கை முழுமையாக்கினர்.

அக்கணக்கின் பயன் இது. ஒரே பலகையின்மேல் அடிக்கு இவ்வளவு என்று பாரம் சீராக இருக்குமானால், தாங்கிகளுக்கிடையே உள்ள நீளம் 2 மடங்காகும்போது தொய்வு 16 மடங்காகும். பலகையின் கனம் 2 மடங்கானால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். 2 அடிக்கு ஒரு தாங்கி வைத்த தட்டையும் 4 அடிக்கு ஒரு தாங்கி வைத்த தட்டையும் பார்ப்பவர், சிறு வேறுபாடு என்று எண்ணுவர். உண்மையில் அது 16 மடங்கு வேறுபாடு.

பாரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்றின் எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. கனம் 5 சென்டிமீட்டர். ஆகவே 1 மீட்டர் நீளத்திற்கு நெருக்கமாக அடுக்கிய தாள், 50 கிலோவை எட்டும். அது ஒரு சிமெண்டு மூட்டையின் எடை. புத்தகம் என்றால் இலேசு என்று எண்ணித் தட்டு அமைப்போர் இதை நினைவிற் கொள்ளல் வேண்டும். தட்டின் முன்விளிம்பின் கீழே 2 அங்குலச் சட்டம் ஒன்றை நிறுத்தி அறைந்தால் தொய்வு வெகுவாகக் குறையும். தச்சர் பரம்பரையாகச் செய்துவரும் இவ்வேலை, கலிலியோவின் அளவுகோலேயன்றி வேறன்று.

துளையிட்ட இரும்பு

அளந்து செய்த தட்டுக்கு ஒரு குறை உண்டு. பொருள் மாறினால் தட்டு மாறாது. இக்குறையைத் தீர்த்த வரலாறு ஒரு விளையாட்டுப் பொருளோடு தொடங்குகிறது எனலாம். லிவர்பூல் நகரத்தைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி என்பவர் தம் பிள்ளைகள் விளையாடுவதற்காக, அரை அங்குலத்திற்கு ஒரு துளையிட்ட உலோகப் பட்டைகளைச் செய்து 1901-இல் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்று பிற்காலத்தில் பெயர்பெற்றது இதுவே. துளைகள் ஒரே இடைவெளியில் இருப்பதால் எந்தப் பட்டையும் எந்தப் பட்டையோடும் பொருந்தும். பிரித்து மீண்டும் வேறொன்று கட்டலாம்.

இத்தத்துவத்தைத் தட்டுக்குக் கொண்டுவந்தவர் டிமிட்ரியஸ் கொமினோ. கிரேக்க மரபினரான இவர் 1902-இல் ஆஸ்திரேலியாவிற் பிறந்து, இலண்டனில் அச்சகம் நடத்தியவர். அச்சகத்தில் வேலை மாறும்போதெல்லாம் தட்டும் மேசையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் மரத்தை அறுப்பதும் எறிவதும் வீண்செலவு. ஆகவே இரு பக்கமும் வரிசையாக நீள்துளை இட்ட, 'எல்' வடிவ இரும்புச் சட்டத்தை உருவாக்கினார். வேண்டிய நீளத்தில் வெட்டி மரையாணியால் முடுக்கினால் தட்டு ஆயிற்று. தளர்த்தினால் பழையபடி சட்டம் ஆயிற்று. 1947-ஆம் ஆண்டில் 'டெக்சியன்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்று நம் மளிகைக்கடையின் பின்கட்டிலும், பள்ளிக்கூடத்துச் சாமான் அறையிலும், வீட்டுக் கொட்டகையிலும் நாம் காணும் துளையிட்ட இரும்புத் தட்டுகள் அதன் வழிவந்தவையே.

கொட்டகை வந்த கதை

கார்க் கொட்டகை மிகப் பிந்தி வந்த அறை. 'கராஜ்' என்ற சொல் பிரெஞ்சு மொழியில் ஒதுக்கி நிறுத்துதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் அது வழங்கத் தொடங்கியது 1902-ஐ ஒட்டி. தொடக்கத்தில் கார்கள் பழைய குதிரை இலாயங்களில் நின்றன. பெட்ரோல் தீப்பிடிக்கும் என்னும் அச்சத்தால் கொட்டகையை வீட்டைவிட்டு விலக்கிக் கட்டினர். போர்டு நிறுவனத்தின் 'டி' வகைக் கார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. நடுத்தர மக்களும் கொட்டகை கட்டினர். பின்னர் அச்சம் தணிந்து, கொட்டகை வீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய பின் அது காருக்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை. பரண் இல்லாத புதுவீட்டுக்கு அதுவே பரணாயிற்று.

ரப்பர்ப் பெட்டியும் ரப்பர் மரமும்

இந்நாட்டில் தோட்டத்துரையின் பங்களாவில் கார்க் கொட்டகை இருந்தது. நம்மவர் வாழ்ந்த லயத்து வீடுகளில் காரும் இல்லை, கொட்டகையும் இல்லை. ஒரு தகரப்பெட்டியும் உத்திரத்தில் கட்டிய கயிறுமே பல குடும்பங்களுக்கு அலமாரி. அக்காலத்தில் தேயிலையும் ரப்பரும் ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறின. உடைந்த பெட்டிகள் லயங்களுக்கு வந்து, படுக்க வைத்த தட்டுகளாகவும் சாமி மேடைகளாகவும் மாறியதை முதியோர் பலர் அறிவர். 'பிளைவுட்' என்று நாம் இன்று 4 அடிக்கு 8 அடிப் பலகையாக வாங்குவது அப்பெட்டியின் இனமே.

இன்னொரு செய்தியும் உண்டு. ரப்பர் மரம் 25 அல்லது 30 ஆண்டு பால் கொடுத்த பின் வெட்டப்படும். முன்பு அம்மரம் விறகு. ரப்பர்த்தாள் உலர்த்தும் புகையறைக்கு எரிபொருள். பூஞ்சையும் துளைப்பூச்சியும் விரைவில் பற்றுமாதலால் தச்சர் அதைத் தொடுவதில்லை. போரான் உப்புக் கரைசலை மரத்துள் ஏற்றி உலர்த்தும் முறை பரவிய பின், 1980-களில் மலேசியாவின் தளவாட ஏற்றுமதியில் ரப்பர் மரம் தனியிடம் பெற்றது. நம் பாட்டனாரும் பாட்டியாரும் விடியற்காலையில் சீவிய மரம் இன்று கடையில் வெளிர்நிறத் தட்டுப்பலகையாக நிற்கிறது. அவர்கள் பெயர் எழுதிய ஏடுகளைத் தாங்கும் தகுதி அம்மரத்திற்கு உண்டு. தாங்கும்படி செய்வது நம் கடமை.

ஏன் இதைக் கூறுகிறேன்? தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. மக்கள் தாமான் வீடுகளில் குடியேறினர். பள்ளிகள் பல இடம்மாறின. தோட்டத்துப் பள்ளியொன்று இடம்மாறியபோது, அதன் பழைய சேர்க்கைப் பதிவேடுகளும் நாட்குறிப்பேடுகளும் அரிசிச் சாக்கில் கட்டப்பட்டு, ஒரு வீட்டின் கொட்டகையில் சிமெண்டுத் தரைமேல் வைக்கப்பட்டிருந்ததை யான் கண்டேன். இரண்டு மழைக்காலம் கழிந்து அவிழ்த்தபோது கீழ்ப்பாதி கறையான் மண்ணாக இருந்தது. மேற்பாதியில் பிள்ளையின் பெயர், தந்தை பெயர், வயது, சேர்ந்த நாள், நின்ற நாள், நின்ற காரணம் எல்லாம் தெளிவாக இருந்தன. பால்மரத்துக்குப் போனதால் நின்றான் என்று ஒரு வரி. வேறு எந்த நூலிலும் அவ்வரி கிடைக்காது. மண்ணான பாதியில் அத்தகைய வரிகள் எத்தனையோ! தரையினின்று அரையடி உயர்த்தி ஒரு பலகை இருந்திருப்பின் அவை தப்பியிருக்கும்.

இன்று நம் சமூகத்தின் ஆவணக்காப்பகம் எங்கே இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், பெரும்பகுதி வீட்டுக் கொட்டகைகளில் இருக்கிறது என்றே விடை கூறலாம். சங்கத்துக் கணக்கு, கோயில் திருவிழா அழைப்பு, நாடகக் கையெழுத்துப்படி, பழைய வார இதழ்க்கட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு எல்லாம் அங்கேதான் உள்ளன.

நம் கொட்டகையில்

ஆகவே தட்டு அமைக்க விரும்பும் அன்பர்கள், மேலே கண்ட வரலாற்றின் பயனைக் கையாளலாம். முதலில் சுவரை அளக்காமல், தரையில் கிடப்பவை அனைத்தையும் வெளியே பரப்பி வகைப்படுத்துங்கள். ஒவ்வொரு வகையின் உயரம், ஆழம், எடை ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். அத்தாளே தட்டின் வரைபடம். பாரமானவை கீழே, இலேசானவை மேலே, நாள்தோறும் எடுப்பவை கண்மட்டத்தில். கீழ்த்தட்டு தரையினின்று அரையடியேனும் உயர்ந்து நிற்கட்டும். அப்பொழுதுதான் கறையான் ஏறும் தடம் கண்ணுக்குத் தெரியும், கழுவும் நீரும் படாது. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரோடு ஒட்டாமல் காற்றோட இடைவெளி விடுங்கள். தாங்கிகள் இரண்டு, இரண்டரை அடிக்கு ஒன்றாக இருக்கட்டும். சிறுவர் பற்றி ஏறினாலும் கவிழாதபடி மேற்பகுதியைச் சுவரோடு பிணைத்தல் இன்றியமையாதது.

பெரிய பதிவேடுகளை ஏட்டுச்சுவடி போலப் படுக்க வையுங்கள். ஆனால் ஒன்றன்மேல் நான்குக்கு மேல் வேண்டா. சிறு நூல்கள் நிற்கலாம். பெட்ரோலும் சாயமும் மண்ணெண்ணெயும் தாள்களுக்கு அருகில் இருத்தல் ஆகாது. அவற்றுக்கு வேறு மூலை. மிக அரிய ஏடாயின் அதைக் கொட்டகையில் வைக்காமல் வீட்டினுள் உலர்ந்த அறைக்குக் கொண்டுசெல்வதே முறை. வெப்பமும் ஈரமும் மாறிமாறித் தாக்கும் இடம் தாளுக்குப் பகை. இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தல் நலம்.

முடிவாக, ஒவ்வொரு தட்டுக்கும் எண் இட்டுப் பட்டியல் ஒன்று எழுதுங்கள். ஒரு படி தட்டில் தொங்கட்டும். மற்றொரு படி பிள்ளைகளிடம் இருக்கட்டும். இப்பணியை மாணவரைக் கொண்டு செய்வித்தால், அளவை, எடை, வகைப்படுத்தல், கையெழுத்து ஆகிய நான்கும் ஒரு பாடத்தில் அடங்கும். பாட்டனாரின் பெட்டியில் இருப்பது இன்னது என்று ஒரு பேரப்பிள்ளை தன் கையால் எழுதிவிட்டால், அப்பெட்டியை அவன் பின்னாளில் குப்பையில் எறிய மாட்டான்.

எப்லா நகரத்துத் தட்டுகள் எரிந்தும் அவற்றின் ஒழுங்கு பிழைத்தது. கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகள் இருந்தும், இன்னவை என்று அறியாமையால் அழிந்தன. இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்து, இந்த வார இறுதியில் ஒரு மணிநேரம் நம் கொட்டகைக்கு ஒதுக்குவோமாக. பலகை வாங்குவது பிறகு ஆகட்டும். ஒரு தாளும் எழுதுகோலும் அளவுநாடாவும் முதலில் போதும்.